நாக்கை மடித்துச் சொல்ல வேண்டிய ளி

தங்கராஜு அண்ணனின் குரல் எங்கள் செடெனாக் ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." முப்பது வருடமாக ஒலிபெருக்கியில் அவர் சொன்னது இவ்வளவுதான். சொல்லி முடித்ததும் மைக்கை யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் பின்னால் போய் மிக்ஸர் பெட்டிக்கு முன் உட்கார்ந்துவிடுவார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றிலும் மற்றவர்கள் பேசுவார்கள், அண்ணன் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார்.

அவருடைய நீல வேனின் இரண்டு பக்கமும் 'தங்கராஜு ஒலி ஒளி' என்று எழுதியிருக்கும். ஒலி என்றால் மைக்கும் பெட்டியும். ஒளி என்றால் சர விளக்கும் ஜெனரேட்டரும். எழுத்தில்தான் இரண்டும் வேறு. எங்கள் பக்கத்தில் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைக்கும் படித்தவள். எங்கள் ஆசிரியை, "இது நாக்கை மடிச்சுச் சொல்ற ளி, இது நுனி நாக்கால சொல்ற லி" என்று பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். பள்ளி வாசலைத் தாண்டியதும் நாக்கு தானாக நிமிர்ந்துவிடும். அதனால் எங்களில் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. தங்கராஜு அண்ணன் ஒருவருக்குத்தான் வந்தது.

அவர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஜொகூர் பாருவில் ரேடியோ பழுது பார்க்கும் கடை ஒன்றில் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டார். பிறகு எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்து வீடு எடுத்தார். மனைவி பிரேமலா தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரே மகள் லோஷினி. பிரேமலாவின் சொந்த அண்ணன் சபாபதிதான் எங்கள் முருகன் கோயிலின் தலைவர். அப்போதெல்லாம் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வேனில் போய் வருவார்கள். நான் கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவள். இரண்டு பேருக்கும் எத்தனையோ முறை பால் ஊற்றாத தேநீர், எங்கள் தே ஓ, கலக்கிக் கொடுத்திருக்கிறேன். சர்க்கரை யாருக்குக் குறைவு என்பது வரைக்கும் தெரியும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. பிரேமலாவுக்கு மூச்சுத் திணறல் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்குப் பார்த்து அண்ணனுக்குச் சிகாமட்டில் ஒரு கல்யாண விருந்து. போகமாட்டேன் என்றுதான் நின்றார். பிரேமலாதான் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து, வெயிலில் நின்று, "ஒண்ணுமில்லங்க, காலைல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கல்யாண வீட்ட அம்போன்னு விடாதீங்க. போங்க, போங்க" என்று கையை ஆட்டி அனுப்பிவைத்தார். அவ்வளவுதான். அன்று இரவே பிரேமலா போய்விட்டார்.

சபாபதி அண்ணன் தங்கராஜு அண்ணனின் கைப்பேசிக்கு விடாமல் அடித்திருக்கிறார். அது வேனில் சார்ஜில் கிடந்தது. அண்ணன் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தார். கடைசியில் எப்படியோ கல்யாண வீட்டுக்காரர் ஒருவரின் எண்ணைப் பிடித்து அடித்தபோது, போனுக்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கிறது. கல்யாண மாப்பிள்ளையின் தோழன் ஏதோ கேலி செய்ய, மைக் திறந்திருப்பது தெரியாமல் தங்கராஜு அண்ணன் சிரித்துவிட்டார். எல்லாப் பெட்டியிலும் அந்தச் சிரிப்பு போயிருக்கிறது. சபாபதி அண்ணனின் காதிலும் விழுந்துவிட்டது.

கருமாதி அன்று எல்லார் முன்னாலும் அவர் சொன்னார்: "என் தங்கச்சி மூச்சு அங்க இழுத்துக்கிட்டு இருக்கு, இவன் இங்க மைக்குல சிரிச்சிக்கிட்டு இருந்தான்."

அதற்குப் பிறகு மச்சான், மாப்பிள்ளை என்ற வார்த்தைகள் நின்றுபோயின. கோயிலுக்கு ஒலி ஒளி போடுவது மட்டும் நிற்கவில்லை. "மைக் வைக்கச் சொல்லுங்க" என்று தலைவர் என்னிடம் சொல்லுவார். "வச்சாச்சுன்னு சொல்லு தங்கச்சி" என்று அண்ணன் என்னிடம் சொல்லுவார். இரண்டு பேருக்கும் நடுவில் நானும் என் சாம்பார் அண்டாவும்.

இந்த வெளிச்சத்துப் பைத்தியம் அவருக்கு எப்போது பிடித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. லோஷினி கைப்பேசியில் ஏதோ விண்வெளிப் படம் பார்த்திருக்கிறாள், இவர் எட்டிப் பார்த்திருக்கிறார். அப்போதிலிருந்து கோயிலுக்கு வயர் இழுக்க வரும்போதெல்லாம் மடப்பள்ளி வாசலில் உட்கார்ந்து இதே பேச்சுத்தான்.

"தங்கச்சி, பெரிய கூடாரத்துல நான் பின்னாடி ரெண்டு பெட்டி வப்பேன்ல? அத அப்படியே விட்டா என்னாவும் தெரியுமா? பின்னாடி இருக்கிறவனுக்கு ஒரு பேச்சு ரெண்டு தடவ கேக்கும். மேடச் சத்தம் நடந்து வரணும், வயர்ல போறது பறந்து வந்துடும். அதனால பின்பெட்டிய நான் கொஞ்சம் புடிச்சு வச்சு விடுவேன்."

"சரிண்ணே."

"அப்ப முன்னாடி இருக்கிறவனுக்கு முடிஞ்சுபோன வார்த்த, பின்னாடி இருக்கிறவனுக்கு இன்னும் வரவே இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே 'இப்ப' கிடையாது. புரியுதா? சத்தத்துக்கு மட்டும் இல்ல, வெளிச்சத்துக்கும் அப்படித்தான். சூரியன நாம பாக்கிறது எட்டு நிமிசத்துக்கு முந்தின சூரியன். அதவிட வேகமா ஒரு சேதியும் வர முடியாது. யாரும் ஓடிப் புடிக்க முடியாது. நீ ராக்கெட்ல போனாலும் அது ஒன்னவிட்டு அதே வேகத்துல போய்க்கிட்டே இருக்கும்."

"அப்படின்னா கற்பூரம் காட்டும்போது நாம பாக்கிற சாமி முகமும் முந்தினதுதானா?" என்று நான் கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் கையில் இருந்த வயரைக் கீழே வைத்துவிட்டார். "ஆமா தங்கச்சி. ஒரு இம்மி நேரம். ஆனா முந்தினதுதான்."

அன்று முழுக்க எனக்கு என்னவோ போல இருந்தது. சாயங்காலப் பூசையில் கற்பூரத் தட்டு நகரும்போது கண்ணை இமைக்காமல் பார்த்தேன். நான் பார்ப்பதற்கு முன்பே அவன் என்னைப் பார்த்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டதும் மனம் சமாதானமாகிவிட்டது. அண்ணனுக்கு அப்படி எதிலும் சமாதானம் ஆகவில்லை.

ஒருநாள் அடுப்பில் பருப்பு பொங்குவதைக்கூட நான் கவனிக்க முடியாதபடி நின்று சொன்னார்: "சத்தம் செத்துடும். நான் சிரிச்ச சிரிப்பு அந்தக் கூடாரத்த தாண்டியிருக்காது. நாலு மரத்துல பட்டுச் செத்திருக்கும். ஆனா வெளிச்சம் சாவாது. ஆஸ்பத்திரி வாசல்ல வெயில்ல நின்னு அவ கைய ஆட்டினா பாரு, அந்த வெளிச்சம் மேல போயிடுச்சு. இந்நேரம் பக்கத்து நட்சத்திரத்த தாண்டிப் போயிக்கிட்டு இருக்கும். அங்க யாராவது இருந்து பாத்தா, அவ கைய ஆட்டுறா. இன்னமும்."

நான் கரண்டியோடு கேட்டுக்கொண்டே நின்றேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

லோஷினி அப்படிச் சும்மா இருக்கிற பெண் இல்லை. "மேகம் இருந்தா போகாதுப்பா" என்பாள். "அன்னிக்கு வெயில்" என்பார். "வெளிச்சத்துக்கு நேரமே ஓடாதாம், அதுக்கு இன்னும் அந்தச் சனிக்கிழமதான்" என்று இவர் சொன்னால், "அப்படிச் சொல்லக்கூடாதுப்பா. வெளிச்சத்துக்குக் கடியாரமே கிடையாது, அதனால அந்தக் கேள்வியே கேக்கக்கூடாதுன்னு எங்க சார் சொன்னாரு" என்பாள். அம்மாவைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அப்படி வெட்டிப் பேசினாள் என்று நினைக்கிறேன்.

"கேக்கக்கூடாதாம்! கேக்கக்கூடாதாம்!" என்று அவர் என்னிடம் வந்து புலம்புவார். "படிச்சவங்க எல்லாம் ஒரு கேள்விய கேக்கக்கூடாதுங்கிறாங்க, கோயில்ல எல்லாம் கேள்விக்கு முந்தியே பதில் வச்சிருக்காங்க. நான் எங்க போய் கேக்கிறது?"

கோயிலிலும் கேட்டுத்தான் பார்த்தார். ஜொகூர் பாருவிலிருந்து ஒரு சொற்பொழிவாளர் வந்திருந்தார். நல்ல ஞானஸ்தர். உலகம் தோன்றும், ஒடுங்கும், மறுபடியும் தோன்றும், ஆனால் அதன் மூலப்பொருளுக்கு ஆதியே இல்லை, அது அநாதி என்று அழகாக விளக்கினார். கூட்டம் முடிந்து மைக்கை வாங்கும்போது அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, ஒலகம் ஒடுங்கும்னு சொன்னீங்க. ஒடுங்கும்போது நடுவழில போய்க்கிட்டு இருக்கிற வெளிச்சம் என்னாவும்?"

சொற்பொழிவாளர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "நல்லது. ஐயா, இன்னிக்கு எக்கோ கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. அடுத்த தடவ பாத்துக்குங்க."

அண்ணன் வயரைச் சுருட்டி வேனில் ஏற்றினார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அண்டம் என்றைக்கும் இருக்குமா, இருக்காதா? இருந்தால் அந்தக் கை ஆடிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் ஒருநாள் அதுவும் நின்றுவிடும். படத்தில் அண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்றார்கள். முடிவைப் பற்றிக் கேட்டால் இன்னும் தெரியாது என்றார்கள். "தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு இத்தன படம் எடுக்கிறாங்க?" என்று கோபித்துக்கொண்டார்.

போன வருடம் திருக்கார்த்திகைக்கு வரவேண்டிய பேச்சாளர் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. சொக்கப்பனை கொளுத்துவதற்கு முன் பதினைந்து நிமிடம் காலியாகிவிட்டது. அண்ணன் என்னிடம் வந்தார்.

"தலைவர்கிட்ட கேளு தங்கச்சி. அந்தப் பதினஞ்சு நிமிசத்த எனக்குக் குடுக்கச் சொல்லு. தீபத்து அன்னிக்கு வெளிச்சத்தப் பத்திப் பேசினா தப்பில்லல்ல?"

"என்னண்ணே பேசப் போறீங்க?"

"அவர் கருமாதில எல்லார் முன்னாடியும் சொன்னார்ல? நானும் எல்லார் முன்னாடியும் சொல்லணும். சண்ட போட இல்ல. நான் சிரிச்சப்ப எனக்கு அவ உசுரோடத்தான் இருந்தா. சேதி வந்து சேர்ற வரைக்கும் அதுதான் என்னோட 'இப்ப'. அதச் சொல்லணும். அவ கை ஆட்டுனத சொல்லணும். அவ்வளவுதான்."

கைப்பேசி வேனில் கிடந்ததற்கு வெளிச்சம் என்ன செய்யும் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

சபாபதி அண்ணன் நான் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார். "அவனா? என்னா பேசுவான், மைக் டெஸ்டிங்கா?" கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பேசட்டும். தலைப்பு என்னான்னு மதிவாணன்கிட்ட சொல்லச் சொல்லுங்க" என்றார்.

மதிவாணன் கோயில் செயலாளர். நல்ல பிள்ளை. எல்லாவற்றையும் அவசரத்தில் செய்கிற பிள்ளை. அண்ணன் அவனுக்குப் போன் போட்டு வாயால் சொன்னார். நாக்கை மடிக்காமல் சொன்னார். மறுநாள் எல்லார் கைப்பேசிக்கும் முருகன் படம் போட்ட அறிவிப்பு வந்தது.

'திருக்கார்த்திகை சிறப்புரை: ஒலியின் வேகம். வழங்குபவர்: திரு. தங்கராஜு.'

அண்ணன் அதைப் பார்த்துவிட்டு மதிவாணனைக் கூப்பிட்டார். "தம்பி, எழுத்து தப்பா இருக்கு. மாத்திப் போடு."

"ரெண்டும் ஒண்ணுதானண்ணே! எல்லாருக்கும் போயிடுச்சு, யாரு பாக்கப் போறா? புரிஞ்சுக்குவாங்க லா."

நன்றாகவே புரிந்துகொண்டார்கள். அந்த மாதம்தான் எங்கள் தாமானில் கோயில் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றி ஒரு பெரிய தகராறு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பாட்டு போடுவது அதிகம் என்று பாதிப் பேர், பாட்டு போடாமல் கோயில் எதற்கு என்று மீதிப் பேர். அந்த நேரத்தில் 'ஒலி', அதுவும் ஒலிபெருக்கி போடுகிறவரே பேசுகிறார் என்று அறிவிப்பு வந்தால் என்ன ஆகும்? தீபத்துக்கு எப்போதும் பாதி மண்டபம்தான் நிறையும். அன்றைக்கு உட்கார இடமில்லை. நான் சுண்டலுக்கு இன்னொரு படி கடலை ஊறவைக்கவில்லையே என்று அடித்துக்கொண்டேன்.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இத்தனை பேர் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார்களே என்று நினைத்திருப்பார். லோஷினி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மழைக்காலம் ஆனதால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மைக்கை வாயருகில் கொண்டுபோனார். முப்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா?

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்..."

மண்டபமே சிரித்தது. அவர் கழுத்து வரைக்கும் சிவந்துபோனார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இன்னிக்கு ஒலியோட வேகத்தப் பத்தி..."

அப்போதும் நாக்கு மடியவில்லை. கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக் காளியம்மா எழுந்துவிட்டார். "வேகத்த விடுங்கண்ணே, மொதல்ல அந்தப் பெட்டி எதுக்கு எங்க வீட்டு ஜன்னலப் பாத்து இருக்கு, அதச் சொல்லுங்க!"

"அது இல்லம்மா, நான் பேச வந்தது..."

"எம் பேரப்புள்ள தூங்கறதில்ல!"

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "கோயில் பக்கத்துல வீடு வாங்கிட்டு சாமி பாட்டு வேணாம்னா எப்படி லா? வேற தாமான் பாருங்க!"

"நீ யாருய்யா என்னைய வேற தாமான் பாக்கச் சொல்றதுக்கு? கோயிலு வர்றதுக்கு முந்தி வந்தவ நானு!"

"அலமாக், அம்மாடியோ, இந்தம்மா சத்தத்துக்கு மைக்கே வேணாம்!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். "நான் வெளிச்சத்தப் பத்தி... ஐயா... அம்மா, வெளிச்சம்..." என்றார். இத்தனை வருடமாக மற்றவர் குரலை எல்லாம் தூக்கிவிட்டவர். அன்று அவர் குரலைத் தூக்கிவிட மிக்ஸர் பெட்டியில் யாரும் இல்லை.

அந்த நேரத்தில் பளீரென்று ஒரு மின்னல். மண்டபமே வெள்ளையாகிவிட்டது. ஒரு நொடி எல்லாரும் வாயை மூடினார்கள். அண்ணன் விரலைத் தூக்கிக்கொண்டு, "இப்ப பாருங்க! பாருங்க! வெளிச்சம் வந்துடுச்சு, சத்தம் இன்னும்..." என்றார். அதற்குள் இடி விழுந்து அவர் வார்த்தையைத் தின்றுவிட்டது.

காளியம்மா காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "இந்த இடி தேவலண்ணே! ஒரு தடவதான் இடிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். சண்டை போட்டவர்களும் சிரித்தார்கள். குருக்கள் எட்டிப் பார்த்து, மழை வருவதற்குள் சொக்கப்பனையைக் கொளுத்திவிட வேண்டும் என்றார். கூட்டம் எழுந்து வெளியே போனது. பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது. அண்ணன் மைக்கை மேசைமேல் வைத்த சத்தம் பெட்டிகளில் 'டொக்' என்று கேட்டது. லோஷினி போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை. ஆனால் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

சொக்கப்பனை பாதி எரியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பெண்கள் அகல் விளக்குகளை மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். லோஷினியை யாரோ காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார். சபாபதி அண்ணன் மழை விடட்டும் என்று தூணில் சாய்ந்து நின்றார். நான் மடப்பள்ளியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு ஜன்னல்தான்.

அண்ணன் இரண்டாவது வயரையும் சுருட்டி முடித்தார். பிறகு தலைவர் வாய் திறந்தார். "அப்படி என்னத்ததான் பேச வந்த?"

ஆறு வருடத்தில் நேராக அவரிடம் கேட்ட முதல் கேள்வி. அண்ணன் நிமிரவில்லை. "ஒரு எழுத்துல போச்சு. நான் ஒளியப் பத்திப் பேச வந்தேன். வெளிச்சம். நீங்க சத்தம்னு போட்டுட்டீங்க. சத்தம் சாவும், வெளிச்சம் சாவாது. அந்த ஒரு எழுத்துதான் நான் பேச வந்ததே."

"வெளிச்சத்தப் பத்திப் பேச என்னா இருக்கு?"

அண்ணன் சொன்னார். பின்பெட்டியைச் சொன்னார், சூரியனைச் சொன்னார், ஒளியாண்டைச் சொன்னார்.

"ஆண்டுன்னா வருசந்தான லா. தூரம்ங்கிற?"

"ஒரு வருசத்துல வெளிச்சம் போற தூரம்."

"அப்ப தூரம்னே பேரு வைக்க வேண்டியதுதானே!"

"நானா பேரு வச்சேன்?" அண்ணனின் குரல் உயர்ந்தது. "பிரேமலா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கைய ஆட்டினா. வெயில்ல நின்னா. அந்த வெளிச்சம் ஆறு வருசமா போயிக்கிட்டு இருக்கு. அதத்தான் சொல்ல வந்தேன். நான் சிரிச்சப்ப எனக்கு அவ இருந்தா. எனக்குச் சேதி வரல. எனக்கு அவ இருந்தா!"

மழை கூரையில் விழுந்துகொண்டே இருந்தது. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். ஒட்டுக்கேட்பது பாவம்தான், தெரியும். ஆனாலும் கை ஓடவில்லை.

சபாபதி அண்ணன் தூணைவிட்டு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மாப்ள" என்றார்.

அண்ணன் கையில் வயர் அப்படியே நின்றது.

"அவளுக்கு முடியாம போனப்ப டாக்டர் என்னைய வெளிய போகச் சொல்லிட்டாங்க. நான் கீழ கேண்டீனுக்குப் போனேன். மீ கோரெங் சொன்னேன். தே ஓ சொன்னேன். பசி மாப்ள. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. தட்ட வழிச்சுத் தின்னேன். மேல ஏறி வர்றேன், தாதி துணிய மூடிட்டாங்க. அப்பறந்தான் ஒனக்கு அடிச்சேன். அப்பறந்தான் நீ சிரிச்ச சத்தம் கேட்டுச்சு."

"அப்ப அவ மூச்சு இழுத்தப்ப..."

"நான் மீ தின்னுக்கிட்டு இருந்தேன்."

இனி இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நினைத்தேன். முருகா, இந்த மட்டிலாவது செய்தாயே என்று கையெடுத்துக்கூடக் கும்பிட்டுவிட்டேன். அப்படி நடக்கவில்லை.

அண்ணன் வயரைத் தரையில் வீசினார். "ஆறு வருசம்! ஆறு வருசமா என் தலைல போட்டீங்களே. எம் பொண்ணு எங்கிட்ட வெட்டி வெட்டித்தான் பேசுறா. கல்யாண வீட்டுல எவனாவது சிரிச்சா எங் கை தானா மைக்க அணைக்கப் போவுது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேன்ல? வெளிச்சம்கூட ஆறு வருசத்துல எங்கியோ போயிடுச்சு. ஒங்க வாயிலேருந்து ஒரு வார்த்த வர இவ்வளவு நாளா?"

"வரல மாப்ள."

"பதினஞ்சு நிமிசம் கேட்டேன். அதுவும் போச்சு."

மழையிலேயே இறங்கி நடந்து, வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டி, மைக், மிக்ஸர் எல்லாம் மண்டபத்திலேயே கிடந்தன. தன் சாமானை அவர் அப்படிப் போட்டுவிட்டுப் போய் நான் பார்த்ததே இல்லை. சபாபதி அண்ணன் மெதுவாக எழுந்து, சாரல் படாத பக்கமாக ஒவ்வொன்றையும் நகர்த்தினார். அவருக்கு முதுகு வலி உண்டு. நானும் போய் ஒரு கை பிடித்தேன். 

மறுநாள் காலை நான் அகல்களில் பிடித்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது நீல வேன் வந்தது. சபாபதி அண்ணன் எனக்கு முன்பே வந்து மண்டபப் படியில் உட்கார்ந்திருந்தார். இரவு முழுக்கத் தூங்காத முகம். அண்ணனுக்கும் அதே முகம்தான். அவர் தலைவரைப் பார்க்காமல் நேராகப் பெட்டிகளிடம் போனார். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"நனையல" என்றார் தலைவர்.

அண்ணன் அடுத்த பெட்டியைத் தட்டினார்.

"அடுத்த வெள்ளிக்கிழம பூசைக்கு அப்பறம் பதினஞ்சு நிமிசம் இருக்கு. நான் தலைவரா சொல்றேன். மதிவாணன்கிட்ட குடுக்கல, நானே டைப் பண்ணிட்டேன். சரியான எழுத்துப் போட்டுருக்கேன். நல்லா மடிச்சு போட்டுருக்கேன்." கைப்பேசியை நீட்டினார். "மொதல்ல நான் நிப்பேன். அந்த மீ கோரெங் கதைய நானே சொல்லிட்டு ஒன் கைல மைக்க தர்றேன்."

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கைப்பேசியைத் தொடவில்லை. பிறகு வாங்கினார். பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. அழப் போகிறார் என்று நினைத்து நான் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனேன். கைப்பேசியை என் பக்கம் திருப்பினார்.

'சிறப்புரை: ஒழியின் வேகம்.'

"தமிழ்ல இருக்கிறதே மூணு லி" என்றார் அண்ணன். "ஒருத்தன் சத்தம்னு போட்டான். நீங்க ஒழிஞ்சு போன்னு போட்டுட்டீங்க, மச்சான்."

மச்சான் என்ற சொல் அவருக்குத் தெரியாமல் வந்துவிட்டது. சபாபதி அண்ணன் கைப்பேசியை எட்டிப் பார்த்து, "இதுவும் இல்லியா?" என்றார். பாவம், அவர் நிஜமாகத்தான் கேட்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் படியில், தலைவருக்கு இரண்டு முழம் தள்ளி, உட்கார்ந்தார். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, தடித்த விரலால் அந்த எழுத்தை அழித்தார். புது எழுத்தைத் தொடப்போன விரல் பாதியிலேயே நின்றுவிட்டது. முப்பது வருடமாக வேனின் இரண்டு பக்கமும் அதை எழுதி வைத்திருக்கிறவர், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, நாக்க மடிச்சுதானே?"

"ஆமாண்ணே. நாக்க மடிச்சு."